நாற்பத்தேழாம் எண் வழி

நாற்பத்தாறு வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திருத்தணி மலையைப் பின்னால் விட்டுவிட்டு, கே.ஜி.கண்டிகையைத் தாண்டி ஓடும் மாநில நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் சாலை ஆய்வாளர் நிர்மலா அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் சாலைப் பணியாளர் டில்லிபாபு. ஒரு கையில் மஞ்சள் பெயின்ட் டப்பா, மறு கையில் சிவப்பு. சட்டைப் பையில் சாக்பீஸ். சாலையிலிருந்து கிளை பிரிந்து உள்ளே போகிற ஒவ்வொரு வழியையும் எண்ண வேண்டும். யாருடையது, எதற்கு என்று கேட்டு, படிவத்தில் வகை போட வேண்டும். வீட்டுக்குப் போனால் 'அ'. வயலுக்குப் போனால் 'ஆ'. கடை, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் என்றால் 'இ'. ஊர்த்தெரு 'ஈ'. என்னுடையது என்று யாருமே சொல்லாத வழி 'உ'. நிலைத்த வழிக்கு மஞ்சளில் எண். 'உ' என்று விழுந்தால் சிவப்புப் பெருக்கல் குறி. சாலையை அகலப்படுத்தும் வேலை தொடங்கியதும் அந்த இடத்தில் கால்வாய்ச் சுவர் எழும்பிவிடும். அப்புறம் அங்கே ஆடுகூடத் தாண்ட முடியாது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் காவடியோடு கிளம்புவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று மேலிடத்து அவசரம். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பட்டியல் பொறியாளரின் மேஜையில் இருக்க வேண்டும். இன்று திங்கள்.

நாற்பத்தாறு ஓர் இரும்பு கேட். டிராக்டர் நுழைகிற அகலம். உள்ளே கரும்பு. கேட்டுக்குச் சொந்தக்காரர் கஜபதி, அறுபதைத் தொட்ட மனிதர், வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தார்.

"கரும்பு லாரி திரும்பற எடம்மா இது. இந்த கேட்டுல கை வச்சீங்கன்னா ஆலைக்கு ஒரு கட்டு கரும்பு போவாது, சொல்லிட்டேன்."

"கை வைக்கலீங்க, எழுதிக்கத்தான் வந்தோம். அடுத்தாப்புல அந்த சிலாப் இருக்கே, அதுவும் உங்களுதா?"

கஜபதியின் முகம் வானத்துக்குத் திரும்பியது.

"அது எனுது இல்ல."

"அப்போ யாருதுங்க?"

"எனுது இல்லன்னு சொன்னேன். யாருதுன்னு நான் இன்னாத்துக்கு சொல்லணும்?"

இருபது தப்படி தள்ளி அந்த சிலாப். சாலையோரக் கால்வாயின் மேல் போட்ட பழைய கான்கிரீட் பலகை. அதிலிருந்து பத்தடி அகலத்தில் ஒரு பாதை உள்ளே போனது. இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி, பாதை நெடுக. எந்த வேலியிலும் ஒரு திறப்புகூட இல்லை. பாதையின் கடைசியில் ஒரு வேப்பமரம் மட்டும் தெரிந்தது. டில்லிபாபு சாக்பீஸை எடுத்து 47 என்று எழுதினார்.

இன்னும் இருபது தப்படி போனால் நாற்பத்தெட்டு. மூங்கில் படல், உள்ளே கண்ணைப் பறிக்கிற சாமந்தி. பூக்கூடையை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த தமயந்திக்கு ஐம்பது வயதிருக்கும். கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். விடியற்காலையில் பூவைக் கடைத்தெருவுக்கு எடுத்துப் போக வேண்டும், வழி முக்கியம், 'ஆ' போட்டுக்கொள்ளுங்கள். சிலாப்பைப் பற்றிக் கேட்டதும் கயிற்று முடிச்சில் கண்ணைப் புதைத்துக்கொண்டாள்.

"எங்குது இல்லீங்க மேடம்."

"யாராச்சும் வந்து போறாங்களா அதுல?"

"நான் அந்தப் பக்கம் பாக்கறதே இல்ல."

டில்லிபாபு சிவப்பு டப்பாவின் மூடியை நெம்பினார். "ஓனரே இல்லாத வழி. அடிச்சிடவா மேடம்?"

"இருங்க டில்லிண்ணா."

நிர்மலாவின் வியாதி அதுதான். மணவூரில் சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்தே ஒரு சந்து கண்ணில் பட்டால் அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் அவளால் திரும்ப முடியாது. கடைக்கு அனுப்பினால் காணாமல் போகிற பிள்ளை. அந்தப் புத்தியோடு நெடுஞ்சாலைத் துறைக்கு வந்தது அதிர்ஷ்டமா, துரதிர்ஷ்டமா என்று இந்த மூன்று வருடத்தில் அவளுக்கே தெரியவில்லை.

குனிந்து பார்த்தாள். முதல் விஷயம், யாருக்கும் சொந்தமில்லாத சிலாப் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. இரண்டாவது, நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். விரிசலின் இடது பாதியில் வெளுத்த சிமென்ட் பூச்சு. வலது பாதியில் கருத்த சிமென்ட். வேறு வேறு கை, வேறு வேறு நாளில், தன் தன் பக்கத்தை மட்டும் ஒட்டுப் போட்டிருக்கிறது. இரண்டு பூச்சும் விரிசல் வரைக்கும் வந்து, கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டன. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, அது சிலாப்பில் இல்லை. சிலாப்பைப் பார்க்க மறுத்துத் திரும்பிய இரண்டு முகங்களிலும் மூக்கு ஒன்றே. நடுவில் சின்ன மேடு வைத்த மூக்கு.

"மூக்கப் பாத்தீங்களா?" என்றாள்.

"எந்த மூக்கு?" என்று டில்லிபாபு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மணவூரில் முதல் ரயிலைப் பிடித்துவிட்டாள். ஆறு மணிக்கெல்லாம் சிலாப்புக்கு எதிர்ச்சாரியில் அம்சாவின் டீக்கடை பெஞ்சில் இருந்தாள். டம்ளரின் விளிம்புக்கு மேலாகக் கண் மட்டும் அந்தப் பக்கம்.

வேப்பமரத்தடியில் ஒரு பல்பு பளிச்சென்று எரிந்தது. அடுத்த நிமிஷம் மூங்கில் படல் திறந்தது. தமயந்தி வெளியே வந்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். அடுத்தவர் வீட்டில் கோழி திருடப் போகிறவள் மாதிரி ஒரு பார்வை. சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி, எதிரே வந்த பஸ்ஸின் ஹாரனைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விறுவிறுவென்று இருபது தப்படி. சிலாப்பின் ஓரத்தில் கிடந்த செங்கல்லைத் தூக்கி, அடியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு பாதைக்குள் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம். திரும்பி வந்தவள் வேலியில் செருகியிருந்த துடைப்பத்தை உருவிச் சிலாப்பைப் பெருக்கினாள். வலது பாதியை மட்டும். விரிசலோடு துடைப்பம் நின்றுவிட்டது.

"அந்தப் பக்கம் பாக்கறதே இல்லன்னு சொன்னாங்க," என்றாள் நிர்மலா, தனக்குத்தானே சொல்வதுபோல.

பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டே அம்சா சிரித்தாள். "நாளைக்கு இதே நேரத்துக்கு வாங்க. மீதிப் பாதிய யாரு பெருக்கறாங்கன்னு பாக்கலாம்."

"அண்ணன் தங்கச்சிதானே?"

"கண்டுபுட்ச்சிட்டீங்களே! ஒரே நைனாவுக்குப் பொறந்ததுங்க. முனிரத்தினம்னு. அவுரு போனதும் இந்தம்மா எனக்கும் பங்கு ஓணும்னு கோர்ட்டுக்குப் போச்சு. பாதி வந்துச்சு. கெணறும், ரோட்லேர்ந்து கெணத்துக்குப் போற இந்தப் பத்தடிப் பாதையும் பொதுன்னு எழுதிட்டாங்க. சர்வேயர் கல்லு நட்ட அன்னிக்கு, இதே கடை முன்னாடி, ஊர் பாக்கச் சொல்றாரு கஜபதி, 'அவ கால் வச்ச வழியில என் கால் படாது'ன்னு. இந்தம்மா மட்டும் சும்மா இருக்குமா? 'அவுரு நடந்த தடத்துல நான் நடந்தா ஏன்னு கேளு'ன்னுச்சு. ரெண்டும் ராத்திரியோட ராத்திரியா வேலி போட்டுகிச்சுங்க. காலையில எழுந்து பாத்தா, தண்ணி ஓணும். கெணறு வேலிக்கு அந்தாண்ட."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எட்டு வருஷமா ரெண்டு பேரும் சொந்தக் கெணத்துக்குத் திருட்டுத்தனமா போய் வந்துகினு கீறாங்க. ஒரு நாள் இவ முறை, ஒரு நாள் அவுரு முறை. மரத்தடி பல்பு எரிஞ்சா மோட்டாருக்குக் கரண்ட் வந்துடுச்சுன்னு அர்த்தம். மோட்டார் ரூம் சாவி செங்கல்லுக்கு அடியில. சாயங்காலம் வச்சிட்டுப் போயிடணும்."

"வேலியிலயே ஒரு சின்ன கேட் வச்சா ரோட்டுக்கு வராம உள்ளாறயே போயிடலாமே?"

"கேட் வச்சா, அந்த வழி எனக்கு ஓணும்னு ஒத்துக்கினா மாதிரி ஆயிடாது?" அம்சா டம்ளரை ணங்கென்று வைத்தாள். "போன மாசம் லாரி ஒரசி அண்ணங்காரருக்கு கையில எட்டு தையலு. பத்து நாளு படுக்கையில கெடந்தாரு. ஆனா பாருங்க, அந்தப் பத்து நாளும் அவுரு கரும்புக்கு முறை தவறாம தண்ணி பாய்ஞ்சிகினுதான் இருந்துச்சு."

"யாரு போட்டாங்க?"

"நானா போட்டேன்? எனக்கு டீக் கடை கீது."

புதன்கிழமை காலையும் அதே பெஞ்ச். பல்பு எரிந்தது. இரும்பு கேட் திறந்தது. கஜபதியின் வலது முன்கையில் தையல் தழும்பு நிர்மலாவுக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஒரு லாரி அவர் வேட்டியைப் பறக்கவிட்டுப் போனது. அவர் செங்கல்லைத் தூக்கினார், சாவி எடுத்தார், போனார், வந்தார், இடது பாதியைப் பெருக்கினார். வலது பாதியில் ஒரு வேப்பிலை விழுந்து கிடந்தது. துடைப்பம் அதன் மேல் ஒரு கணம் நின்றது. அப்புறம் தன் பக்கத்துக்கே வந்துவிட்டது.

நிர்மலாவுக்குக் கதை கிடைத்துவிட்டது. வகைதான் கிடைக்கவில்லை. இரண்டு பேர் தினமும் பயன்படுத்தி, இரண்டு பேரும் இல்லை என்கிற வழிக்கு எந்த எழுத்து?

அலுவலகத்துக்குப் போனதும் பழைய பீரோவைத் திறந்தாள். அடித்தட்டில், மூலை மடங்கிய பெரிய பதிவேடு. முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் இதே சாலையில் இதே வேலையை, மை பேனாவில், அழகான கையெழுத்தில் செய்துவைத்திருந்தார். தூரத்தைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. முனிரத்தினம். வயல் வழி. எண்ணிக்கை ஒன்று. அனுமதி உண்டு.

தூரத்தைத் தன் படிவத்தோடு ஒப்பிட்டாள். மறுபடி ஒப்பிட்டாள். நாற்பத்தாறு இல்லை. நாற்பத்தெட்டும் இல்லை. சிலாப்தான்!

அவர்கள் உயிரைக் கொடுத்துக் காக்கிற இரும்பு கேட்டும் மூங்கில் படலும் கணக்கிலேயே இல்லாதவை. யாரும் வேண்டாம் என்கிற வழி ஒன்றுதான் சட்டப்படி நிற்கிறது. புது உத்தரவு தெளிவாக இருந்தது. அனுமதி பெற்ற வழிக்கு ஐம்பது மீட்டருக்குள் வேறு திறப்பு கூடாது. நாற்பத்தாறும் நாற்பத்தெட்டும் சிவப்பு. நாற்பத்தேழு மஞ்சள், ஆனால் ஒரு நிபந்தனை. அனுமதி வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகள் எல்லோரும் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அதுவும் 'உ'. மூன்றும் சிவப்பு. கரும்பும் சாமந்தியும் கிணறும் சுவருக்கு அந்தப் பக்கம்.

அன்று மதியமே டில்லிபாபுவைக் கூட்டிக்கொண்டு போனாள். விஷயத்தைக் கேட்டதும் கஜபதி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கரும்பு வெட்டு ரெண்டு வாரத்துல கீது. லாரி எப்பிடி வரும்?"

"சிலாப்ப பெருசா போட்டுத் தருவோம். ரெண்டு பேரும் அந்த வழியா வந்து, வேலியைத் திறந்து அவங்கவங்க நிலத்துக்குள்ள போலாம். ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். அவ்வளவுதான்."

"அவ மொதல்ல போடட்டும்."

நாற்பது தப்படி நடந்து தமயந்தியிடம்.

"அவுரு பெரியவரு மேடம். அவுரு போட்டா நான் போடறேன்."

திரும்ப நாற்பது தப்படி. "கோர்ட்டுக்குப் போறப்போ பெரியவருன்னு தெரியலையாமா? கேட்டுட்டு வாங்க."

மறுபடி நாற்பது. "கேட்டதுக்குக் குடுத்துட்டிருந்தா நான் ஏன் கோர்ட்டுக்குப் போறேன்? சொல்லுங்க போய்."

மூன்றாவது நடையில் டில்லிபாபு பெயின்ட் டப்பாக்களைக் கீழே வைத்துவிட்டார். "மேடம், ரோட்ட அளக்க வந்து நீங்க கல்யாணத் தரகர் ஆயிட்டீங்க. இதுங்க ரெண்டும் நேருக்கு நேர் ஒண்ணும் செய்யாதுங்க. ஆனா சாவி மட்டும் எட்டு வருஷமா கை மாறிகினு கீது இல்ல?"

நிர்மலா அவரைப் பார்த்தாள். செங்கல்லைப் பார்த்தாள். அரசாங்கப் படிவத்தைச் செங்கல்லுக்கு அடியில் வைத்தாள் என்று மேலே தெரிந்தால் மெமோ நிச்சயம். இரண்டு கேட்டுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "பேப்பர் சாவியோட இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில வந்து எடுத்துக்குவேன். கையெழுத்து இல்லாட்டி மூணும் சிவப்பு." பிளாஸ்டிக் உறையில் படிவத்தைப் போட்டு, மடித்து, செங்கல்லைத் தூக்கி வைத்தாள்.

வியாழக்கிழமை தமயந்தியின் முறை. அன்றைக்கென்று பார்த்து நிர்மலாவை அம்மையார்குப்பம் பக்கம் பள்ளம் பார்க்க அனுப்பிவிட்டார்கள். விசைத்தறிச் சத்தம் தெரு முழுக்கத் தடதடத்தது. அவள் பள்ளத்தின் ஆழத்தை அளந்தாள். எழுதினாள். எழுதியது சரிதானா என்று மறுபடி அளந்தாள். மனம் முழுக்கச் செங்கல்லுக்கு அடியில் இருந்தது. எடுத்திருப்பாளா? படித்திருப்பாளா? கோபத்தில் கால்வாயில் விட்டெறிந்திருந்தால்? இத்தனைக்கும் அது அவள் வழி இல்லை, அவள் வயல் இல்லை. ஆனாலும் ஒரு கையெழுத்து விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு மூடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. ரயில் ஏழு நிமிடம் தாமதம். ஆட்டோவிலிருந்து அவள் இறங்கும்போதே கஜபதி சிலாப்பின் இடது பாதியில் நின்றுகொண்டிருந்தார். இடது கையில் சாவி. வலது கையில் படிவம். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தவர், ஆளைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டில்லிபாபு இரண்டு டப்பாக்களோடு ஏற்கனவே வந்து வேலியோரம் காத்திருந்தார்.

"நீங்களா அவள இந்த எடத்துல போடச் சொன்னது?" என்றார் கஜபதி.

படிவத்தை நீட்டினார். கையெழுத்துக்கு இரண்டு கோடுகள். மேல்கோடு காலி. கீழ்க்கோட்டில் நீல மையில், கொஞ்சம் கோணலாக, மு. தமயந்தி.

"நான் அவங்கள பாக்கவே இல்லீங்க. நேத்து நான் வேற ஊர்ல இருந்தேன்."

"கோர்ட்டு பேப்பர் ஒண்ணு விடாம ம. தமயந்தின்னுதான் போட்டுகினு இருந்தா. புருஷன் மணவாளன் பேர. பக்கம் பக்கமா பாத்திருக்கேன்." அவர் கட்டைவிரல் அந்த 'மு'வின் மேல் ஒருமுறை போய் வந்தது. "இது இஸ்கூல்ல போட்ட கையெழுத்து. நைனா பேரு."

நிர்மலா பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

அவர் வாங்கினார். பேனாவைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். அப்புறம் வேப்பமரத்தைப் பார்த்தார். "கண்ணாடி எடுத்தாரல," என்றார்.

மூங்கில் படல் திறந்து கிடந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். இன்று தமயந்தியின் முறை இல்லை. ஆனாலும் அவள் வெள்ளைக் கோட்டை ஒட்டி நடந்து வந்து, சிலாப்புக்கு ஒரு தப்படி தள்ளி, சாலையிலேயே நின்றிருந்தாள். இடுப்பில் சாமந்திக் கூடை. முகம் பஸ் வருகிற திசைக்கு.

"கண்ணாடி சட்டைப் பையிலதான் கீது," என்றாள், வராத பஸ்ஸிடம்.

எதிர்ச்சாரியில் அம்சா பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். தூக்கிய சொம்பு தூக்கியபடி.

திருத்தணிப் பக்கமிருந்து ஒரு மணல் லாரி வந்துகொண்டிருந்தது. நேராக, ஓரத்தை ஒட்டி, ஹாரனை அழுத்தியபடி. தமயந்தி நகரவில்லை. நகர வேண்டுமென்றால் ஒரே இடம்தான் இருந்தது. கஜபதியின் பார்வை பேனா முனையிலேயே இருந்தது. வாய் மட்டும் திறந்தது.

"லாரி வருது. உள்ள வந்து நிக்கச் சொல்லுங்க."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. டில்லிபாபு நிர்மலாவைப் பார்த்தார். நிர்மலா தமயந்தியைப் பார்த்தாள். லாரி புழுதியை வாரி இறைத்துக்கொண்டு கடந்து போனது. புழுதி அடங்கியபோது, கருத்த சிமென்ட் பூசிய பாதியில் இரண்டு கால்கள் இருந்தன. கூடையிலிருந்து நாலைந்து சாமந்தி சிதறி விரிசலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிடந்தது.

கஜபதி சட்டைப் பையில் கையை விட்டார். கண்ணாடியை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

டில்லிபாபு இரண்டு டப்பாக்களுக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரம் காணாத பிரஷை உள்ளங்கையில் தட்டினார். "எத்தத் திறக்கட்டும் மேடம்?" என்று கிசுகிசுத்தார்.

நிர்மலா உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

பாதையின் கடைசியில், வேப்பமரத்தடியில், கரண்ட் வந்து பல்பு பளிச்சென்று எரிந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக, அதைப் பார்த்துவிட்டு மோட்டார் போட ஒருவரும் ஓடவில்லை. காலை வெயிலில் அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது.